யமஹா எஃப்310: முதல் கிட்டாராக வாங்கலாமா?

முதல் கிட்டார் எது வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் காதில் விழும் பெயர்களில் ஒன்று யமஹா எஃப்310. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு வாசிக்க உட்கார வேண்டாம். இதன் மரத்தையும் ஒலியையும் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பி ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைக்கு, மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். அதைக் கவனிக்காமல் வாசித்துப் பார்த்து, விரல் வலி தாங்காமல், "நமக்கு இது வராது" என்று கிட்டாரைச் சுவரில் மாட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். விரலின் மேல் பழி போடுமுன் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்து பார்ப்பது நல்லது.

முதலில் பொருளைப் பார்ப்போம். இது ட்ரெட்நாட் வடிவம்: அகன்ற உடல், இடுப்பு அதிகம் ஒடுங்காதது, கனமான பாஸ். உடலின் ஆழம் கழுத்துப் பக்கம் 96 மி.மீ., கீழ்ப்பக்கம் 116 மி.மீ. நட்டின், அதாவது கழுத்தின் உச்சியில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் துண்டின், அகலம் 43 மி.மீ. கம்பியின் நீளம், அதாவது நட்டிலிருந்து மறுமுனையில் கம்பிகள் ஏறி நிற்கும் சேடில் வரை, 634 மி.மீ. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். யமஹாவின் பெரிய அண்ணன் எஃப்ஜி800இல் இது 650. இந்த 16 மி.மீ. குறைவால் இரண்டு லாபம். அதே சுருதிக்கு ஏற்றும்போது கம்பியின் இழுவிசை சுமார் 5 சதவீதம் குறைகிறது. ஃப்ரெட்டுகளும் கொஞ்சம் நெருங்கி வருகின்றன: நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் இடையே 36.5 மி.மீ. இருக்க வேண்டியது 35.6 ஆகிறது. எழுத்தில் அற்பமாகத் தெரியும். சி கார்டில் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) மோதிர விரலை மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நீட்டிப் பார்க்கும்போது தெரியும், அற்பமா இல்லையா என்று.

மேல்பலகை ஸ்ப்ரூஸ், ஆனால் ஒரே பலகை அல்ல. மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட். பின்பக்கமும் பக்கவாட்டும் அப்படித்தான். ஒரே பலகையில் செய்த மேல்பலகை காலப்போக்கில் ஒலி மலர்ந்து வரும் என்பார்கள். இதில் அதை எதிர்பார்க்க முடியாது. வாங்கிய அன்று என்ன ஒலியோ அதுவேதான் பத்து வருடம் கழித்தும். கம்பியைத் தட்டிவிட்டால் ஒலி நீண்டு நிற்கும் நேரமும் குறைவு. பதிலுக்கு லேமினேட் பலகை காற்றின் ஈரம் ஏறி இறங்குவதற்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது, உப்பாது. கிட்டாரைப் பராமரிக்கத் தெரியாத முதல் வருடத்துக்கு இது நல்ல பேரம் என்றே சொல்வேன். கார்டு மாற்றவே இன்னும் வராதவருக்கு மேல்பலகையின் நுணுக்கம் காதில் ஏறப் போவதில்லை.

இனி ஆக்‌ஷன். தொழிற்சாலையிலிருந்து வரும் தொடக்கநிலை கிட்டார் எதுவானாலும் கம்பியை வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கித்தான் வைத்திருப்பார்கள். தாழ்ந்திருந்து கரகரத்தால் வாங்கியவர் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். உயர்ந்திருந்தால் கை வலிக்கிறது என்று பொறுத்துக்கொள்வார். எஃப்310உம் இதற்கு விலக்கல்ல. அதே மாடலிலேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும் என்பதால் உங்கள் கையில் இருப்பதை நீங்களே அளந்துதான் ஆக வேண்டும்.

அளக்கும் முறை இது. கிட்டாரைச் சரியாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். சுருதி இறங்கியிருந்தால் அளவும் பொய். 12ஆவது ஃப்ரெட்டின் உலோகத் தலையில் ஸ்கேலை நிறுத்தி, தடித்த ஈ கம்பியின் அடிப்பகுதி வரை எவ்வளவு என்று பாருங்கள். பிறகு மெல்லிய ஈ. ஸ்கேலின் பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்க வேண்டும், ஒரு மி.மீ. வெற்றிடம் விட்டு அச்சடித்த பள்ளிக்கூட ஸ்கேல் இதற்கு உதவாது. தடித்த கம்பியில் 2.4 முதல் 2.7 மி.மீ., மெல்லிய கம்பியில் 1.8 முதல் 2 மி.மீ. என்றால் கற்பவருக்கு வசதி. தடித்த பக்கம் 3 மி.மீட்டரைத் தாண்டினால் சரிசெய்யாமல் வாசிக்கத் தொடங்குவது வீண் தண்டனை.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நெக்கின், அதாவது கழுத்தின், வளைவு, அடுத்தது நட், கடைசியில்தான் சேடில். வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும்.

நெக்கின் வளைவைப் பார்க்க, தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14ஆவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே நேர்க்கோடு. 7ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கனமான விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழையும் அளவு. அதைவிட அதிகம் என்றால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் நேராகவோ பின்னோக்கியோ இருக்கிறது. நடு ஃப்ரெட்டுகளில் கரகரப்பு வரும். திருத்துவதற்கான ட்ரஸ் ராடின் (நெக்கினுள் ஓடும் உலோகத் தண்டு) திருகுமுனை ஒலித்துளையின் உள்ளே, கழுத்தின் அடியில் இருக்கும். ஆலன் கீயால் வலப்புறம் திருப்பினால் வளைவு குறையும், இடப்புறம் திருப்பினால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியபின் மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். மரம் தன் இடத்துக்கு வர நேரம் எடுக்கும் என்பதால் மறுநாள் இன்னொரு தடவை. இறுக்கமாக அடம்பிடித்தால் வலு கொடுக்காமல் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்விடுங்கள். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: ட்ரஸ் ராட் இருப்பது நெக்கின் வளைவுக்காக. கம்பி உயரத்தைக் குறைக்கிறேன் என்று அதைத் திருகிக்கொண்டே போனால் நெக் பின்னால் வளைந்து, பாதி ஃப்ரெட்டுகள் ஊமையாகிவிடும்.

நட் விஷயம் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் முதல் மாதக் கஷ்டத்தில் பாதி இங்கேதான். கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளி போதும். காகிதம் இரண்டு மூன்றாக மடித்து நுழைகிறதென்றால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. இதன் அறிகுறியைக் காதாலும் பிடிக்கலாம்: எல்லாக் கம்பிகளும் சுருதி காட்டும் டியூனரில் பச்சை காட்டும், ஆனால் ஈ கார்டும் சி கார்டும் பிடித்தால் அபசுரம் தட்டும். ஈ கார்டில் மூன்றாவது கம்பியின் (எண்ணுவது மெல்லிய ஈயிலிருந்து) முதல் ஃப்ரெட்டையும், சி கார்டில் இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டையும் அழுத்துகிறோம் அல்லவா? நட் உயரமாக இருந்தால் அங்கே கம்பியை அதிகத் தூரம் கீழே தள்ள வேண்டியிருக்கிறது; கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. நட்டை அராவுவதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனி அரம் வேண்டும், 0.1 மி.மீ. கூடுதலாகப் போனாலும் திறந்த கம்பி கரகரக்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

சேடிலை வீட்டிலேயே இறக்கலாம். இது பிரிட்ஜின், அதாவது உடலின் மேல் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும் மரக்கட்டையின், பள்ளத்தில் செருகியிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. கணக்கு எளிது: 12ஆவது ஃப்ரெட்டில் எவ்வளவு குறைய வேண்டுமோ அதைப் போல் இரண்டு மடங்கு சேடிலில் குறைக்க வேண்டும், ஏனென்றால் 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. 3.2 மி.மீ. இருப்பதை 2.6 ஆக்க வேண்டுமென்றால் சேடிலின் அடியிலிருந்து 1.2 மி.மீ. தேய்க்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, சேடிலை வெளியே எடுக்குமுன் எந்த முனை தடித்த கம்பியின் பக்கம், எந்த முகம் ஒலித்துளையின் பக்கம் என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்திலிருந்து 1.2 மி.மீ. உயரத்தில் கோடு போட்டு, கண்ணாடி போன்ற சமதளத்தில் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்ந்தபடியே முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். மேல்பக்கத்தைத் தொடக் கூடாது. அங்கேதான் ஃப்ரெட்டுகளின் குறுக்கு வளைவுக்கு ஏற்ற வளைவு இருக்கிறது. அடி கோணலாகப் போனால் பிரிட்ஜில் முழுதாக உட்காராது, சில கம்பிகள் மங்கி ஒலிக்கும். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்தி, கம்பி மாட்டி அளந்து, வேண்டுமானால் மறுபடி தேய்க்கலாம். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. முடித்தபின் சேடில் பிரிட்ஜுக்கு மேல் 2 மி.மீட்டராவது தெரிய வேண்டும். அதற்கும் கீழே போனால் கம்பி சேடிலை அழுத்தும் கோணம் குறைந்து ஒலி சோர்ந்துவிடும். எதிலும் தயக்கம் இருந்தால், கிட்டாரை வாங்கும் இடத்திலேயே "செட்டப் செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். அளவைச் சொல்லிக் கேட்டால் மறுக்க வழியில்லை.

செட்டப் முடிந்ததும் ஆறு கம்பி, இருபது ஃப்ரெட், மொத்தம் 120 இடங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டிப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரகரப்பு என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. நெக்கின் ஓரத்தில் விரலை வழித்துப் பார்த்தால் ஃப்ரெட் முனைகள் கீறுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

கம்பிக்கு வருவோம். கடையில் மாதக்கணக்கில் தொங்கிய கிட்டாரின் கம்பி கறுத்து உயிரற்றுப் போயிருக்கும். முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். முதல் கம்பியின் தடிமனை வைத்துத்தான் செட்டைக் குறிப்பிடுவது வழக்கம்: 12 என்றால் 0.012 அங்குலம். 12 செட்டில் ஆறு கம்பிகளும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. கற்பவருக்கு 11 அல்லது 10 போதும். ஒலியில் கனம் கொஞ்சம் குறையும், விரல் பிழைக்கும். 10க்கு இறங்கினால் நெக்கின் மேல் இழுப்பு குறைந்து அது நிமிரும். அதுவரை இல்லாத கரகரப்பு எட்டிப் பார்க்கலாம். கம்பியைக் குறை சொல்லாமல் 7ஆவது ஃப்ரெட் இடைவெளியை மறுபடி அளந்து, ட்ரஸ் ராடைக் கொஞ்சம் இடப்புறம் தளர்த்தினால் சரியாகிவிடும். எலக்ட்ரிக் கிட்டாரின் நிக்கல் கம்பியைப் போட வேண்டாம். இதற்கு வெண்கலக் கம்பிதான் பேசும்.

கம்பி மாற்றும்போது, கம்பி முனையைப் பிரிட்ஜின் துளையில் இறுக்கும் முளையான பிரிட்ஜ் பின் துள்ளி வெளியே வருவது புதியவர்கள் எல்லோரையும் மிரட்டும். காரணம் ஒன்றே: கம்பி முனையிலுள்ள குண்டு பின்னின் நுனியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. குண்டைத் துளையில் விட்டு, பின்னின் பள்ளம் நெக்கைப் பார்க்கும்படி லேசாகச் செருகி, கம்பியை மேல்நோக்கி இழுங்கள். குண்டு உள்ளே பலகையில் போய்த் தட்டியதும் பின்னை அழுத்தலாம். மேலே, கம்பியை, சுருதி சேர்க்கத் திருகும் கீயைத் தாண்டி சுமார் 5 செ.மீ. மிச்சம் விட்டு வெட்டினால் தடித்த கம்பிகளில் இரண்டு மூன்று சுற்று வரும். மெல்லிய கம்பிகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கிப் போக வேண்டும். புதுக் கம்பி இரண்டு நாளைக்குச் சுருதி நிற்காது. 12ஆவது ஃப்ரெட் அருகே பிடித்து மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு, மறுபடி சேர்த்தால் சீக்கிரம் அடங்கும்.

சுருதி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கிளிப் டியூனர் கிட்டாரின் தலையில் மாட்டி அதிர்வைப் பிடிப்பது. சத்தமான அறையிலும் வேலை செய்யும் என்பதால் ஃபோன் செயலியைவிட நம்பகமானது. ஆனால் அது ஸ்வரத்தின் பெயரை மட்டும்தான் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. முதல் தடவை கம்பி அறுவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு கம்பியைத் தட்டிக்கொண்டு வேறொரு கீயைத் திருகிக்கொண்டிருப்பார்கள், முள் நகரவில்லையே என்று மேலும் மேலும். முறுக்குமுன் கம்பியைக் கண்ணால் தொடர்ந்து போய்க் கீயைப் பிடியுங்கள். சுருதி ஏறிவிட்டால் நேராக இறக்கி நிறுத்தாமல், தேவைக்கும் கீழே இறக்கி மறுபடி ஏற்றிச் சேருங்கள். அப்போதுதான் கீயின் பல்லில் தளர்வு இல்லாமல் நிற்கும்.

எஃப்310பி என்ற தொகுப்பில் பை, டியூனர், கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு), மாற்றுக் கம்பி போன்றவையும் வரும். இடத்துக்கு இடம் உள்ளடக்கம் மாறுவதால் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். தனியாக வாங்கினால் கட்டாயம் வேண்டியது டியூனரும் பிக்கும். கம்பிகளை ஒருசேர வருடி வாசிக்கும் ஸ்ட்ரம்மிங்குக்கு 0.5 முதல் 0.6 மி.மீ. பிக் போதும், 1 மி.மீ. பிக் தொடக்கத்தில் கம்பியில் சிக்கி மணிக்கட்டை இறுக்கும்.

கேப்போவைப் பாட்டின் சுருதி மாற்றத்தான் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் கம்பி நீளம் 634இலிருந்து 565 மி.மீ. ஆகிறது, ஃப்ரெட்டுகள் நெருங்குகின்றன, கம்பி தாழ்கிறது, உயரமான நட்டும் கணக்கில் வராது. செட்டப் செய்ய ஆள் கிடைக்கும்வரை இப்படியே கார்டு பழகலாம். ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் எஃப் பேர் கார்டையும் முதலில் இங்கே பிடித்துப் பார்த்து, பிறகு கேப்போவை ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறக்குவது நல்ல வழி.

இந்தக் கிட்டாரில் 43 மி.மீ. நட் என்பதால், தடித்த விரல் உள்ளவர்களுக்கு ஏ மேஜரில் இடப்பிரச்சினை வரும். மூன்று விரலும் இரண்டாவது ஃப்ரெட்டில் முட்டிக்கொள்ளும். நான்காவது கம்பியில் நடுவிரல், மூன்றாவதில் ஆள்காட்டி, இரண்டாவதில் மோதிர விரல் என்று வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ள இடம் கிடைக்கும். விரல் எப்போதும் ஃப்ரெட்டின் உலோகத்துக்கு ஒட்டிப் பின்னால் விழ வேண்டும். நடுவில் அழுத்தினால் இரட்டிப்புப் பலம் கொடுத்தும் கரகரக்கும். ஈ மைனர், ஏ மைனர், சி, டி, ஜி என்று தொடங்குவது வழக்கம். ஏ மைனரிலிருந்து சிக்குப் போக மோதிர விரலை மட்டும் நகர்த்தினால் போதும், மற்ற இரண்டும் அசையவே கூடாது. பலர் மூன்றையும் தூக்கிவிட்டு மறுபடி தேடுகிறார்கள். இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். 30 வந்தால் மெதுவான பாட்டுக்குப் போதும், 60 வந்தால் அந்த ஜோடி முடிந்தது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வேண்டாம், தினம் 15 முதல் 20 நிமிடம் போதும். விரல்நுனி தடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை வலி விரல்நுனியில் இருந்தால் சரி, மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ இருந்தால் பிடிமானம் தவறு என்று பொருள்.

யாருக்கு இது வேண்டாம்? உடல் பெரியது என்பதால் சிறிய உடல்வாகு உள்ளவர்கள் வலது தோளைத் தூக்கிக்கொண்டே வாசிக்க நேரும். அவர்களுக்கு அதே 634 மி.மீ. நீளமும், இடுப்பு ஒடுங்கி ஆழம் குறைந்த உடலும், ஒற்றைப் பலகை மேல்பக்கமும் கொண்ட எஃப்எஸ்800 பொருந்தும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் எல்லோருக்குமே நான் அதைத்தான் முதலில் சொல்வேன். குழந்தைகளுக்கு 540 மி.மீ. நீளமுள்ள ஜேஆர்1 போன்ற சிறிய கிட்டார். விரலால் மீட்டும் இசைதான் ஆசை என்றால் நைலான் கம்பி போட்ட சி40: நட் 52 மி.மீ. அகலம், கம்பி விரலுக்கு மெத்தென்றிருக்கும். அதில் எஃகுக் கம்பியை மாட்டிவிடாதீர்கள்; நைலானைவிட மிக அதிகமான இழுப்பில் பிரிட்ஜ் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். எஃப்310இல் பிக்கப் (ஒலியை மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) கிடையாது என்பதால் மேடையில் நேராக ஆம்ப்பில் செருகவும் முடியாது.

பழைய எஃப்310 கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள்; நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரில் கிட்டாரை விட்டவர்கள் விற்பதில் இது அடிக்கடி இருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மிக லேசாக மேடிட்டிருந்தால் பயமில்லை, கண்ணுக்குத் தெரியும்படி உப்பியிருந்தால் வேண்டாம். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மெல்லிய கம்பிகளின் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா, ட்ரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறதா, சேடில் பிரிட்ஜுக்கு மேல் இன்னும் 3 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சேடில் ஏற்கெனவே ஒட்டத் தேய்ந்திருந்தும் 12ஆவது ஃப்ரெட்டில் உயரம் 3 மி.மீட்டருக்கு மேல் என்றால், நெக்கின் கோணமே மாறிப்போயிருக்கிறது. அதைத் திருத்தும் செலவில் புதிதே வாங்கிவிடலாம்.